துடைக்காத வீடு

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசற்கதவுக்கு உள்பக்கத்து ஆணியில் ஒரு ஈரத்துணி தொங்கும். வந்தவரைப் பார்த்து 'வாங்க' என்று வாய் சொல்வதற்குள் வீட்டுக்காரியின் கை துணிக்குப் போய்விடும். நாற்காலியை ஒரு துடை துடைத்த பிறகுதான் 'உக்காருங்க'. வந்தவரும் அதுவரை நின்றுகொண்டேதான் நலம் விசாரிப்பார். வெளியூரிலிருந்து முதல் தடவை வருகிற யாராவது விவரம் தெரியாமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டால் வீடே பதறும். எழுந்து போகும்போது அவர் உடுப்பின் பின்பக்கம் தெருவின் கதையைச் சொல்லிக்கொண்டு போகும்.

தெருவுக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக் களம். குன்று குன்றாகக் கரி கொட்டிக் கிடக்கும். காற்று அங்கிருந்து இங்கே அடித்தால் காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அதனால் குவளைகளைக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். சட்டியைத் திறந்தால் கிளறிவிட்டு உடனே மூடுவார்கள். படுக்கைமேல் பகலெல்லாம் ஒரு பழைய விரிப்பு கிடக்கும். இரவு படுக்குமுன் அதன் நான்கு மூலைகளையும் உள்பக்கமாக மடித்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலப் பதமாகத் தூக்கி, வெளியே கொண்டுபோய் உதற வேண்டும். அவசரப்பட்டு இழுத்தவர்கள் அன்றைக்குக் கரியில்தான் தூங்குவார்கள். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த பெண்கள் முதலில் கற்றுக்கொண்டது இந்த மடிப்பைத்தான். மாமியார்கள் சமையலில் காட்டாத கண்டிப்பை இதில் காட்டினார்கள்.

தெருக்கோடி வீட்டில் மட்டும் ஆணியில் கிடந்த துணி காய்ந்து அப்பளமாக விறைத்துப் போயிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை.

அங்கே இருந்தவரைப் பெல்ட்டுக்காரர் என்பார்கள். களத்திலிருந்து கொதிகலன்வரை கரியைச் சுமந்துபோகும் ரப்பர் பெல்ட்டை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஓட்டியவர். பெல்ட்டின் ஓரமாகவே நடந்து, எந்த உருளை முனகுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்து எண்ணெய் விட்டவர். இப்போதும் கட்டிலில் படுத்துக்கொண்டே பெல்ட் பாரத்தோடு ஓடுகிறதா, சும்மா ஓடுகிறதா என்று அவரால் சொல்ல முடியும். சொல்லத்தான் ஆளில்லை. மனைவி போன வருஷம் குளிர்காலத்தில் இறந்துபோனாள்.

காலையில் எழுந்ததும் ரேடியோவைப் போடுவார். படுக்கும்வரை அது ஓடும். செய்தி வாசிக்கிறவள் வணக்கம் சொன்னால் இவரும் 'வணக்கம்மா' என்பார். வானிலை சொல்கிறவனோடு சண்டையே போடுவார். ராங் நம்பரில் யாராவது கூப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்று விசாரணை போய்க்கொண்டே இருக்கும். கூப்பிட்டவர் போனை வைக்க வழி தெரியாமல் திணறுவார்.

பழைய வேலைக் கூட்டாளிகள் முன்பெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவருடைய ஒரே மகள் கரி எதிர்ப்புக் குழுவின் செயலாளர் ஆன பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். 'உன் மக எங்க சோத்துல மண்ணை அள்ளிப் போடுறா' என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். தெருக்காரர்களோ அவரை நிலையத்து ஆளாகவே வைத்திருந்தார்கள். அவர் கடைக்கு வந்தால் பேச்சு கரியிலிருந்து மழைக்குத் தாவிவிடும். இப்படி இரண்டு பக்கமும் அவரைத் தலைமுழுகிவிட்டது. அவர் மேல் யாருக்கும் பெரிய கோபம் கிடையாது என்பதுதான் இதில் கொடுமை.

மகள் கடைத்தெருவில் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இருமல் மருந்துப் புட்டிகள் எந்தத் தெருவுக்கு அதிகம் போகின்றன என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் குழுவில் சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளிப் புருஷனோடு குடியிருந்தாள். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருவாள். வாசலில் நின்று கூப்பிடுவாள். ரேடியோச் சத்தம் தணியும். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காது. அவர் ஒருக்களித்து வெளியே வந்து கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தார்.

"என்ன, செயலாளர் இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. இந்தாங்க, சோறும் முட்டையும். அடியில கீரை இருக்கு. கீரையை முதல்ல சாப்பிடுங்க, சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தா கெட்டுப்போயிடும்."

"நேத்து பாத்திரம் கழுவி வெச்சிருக்கேன், இரு."

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. திரும்பி வந்தார். மறுபடியும் சாத்திக்கொண்டது.

"ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"தூக்கமே இல்லப்பா. வியாழக்கிழமை ஆணையத்துக்காரங்க வர்றாங்க. ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க. மண்டபத்துக்கு இல்ல, நம்ம தெருவுக்கே."

"யாரு, மின்சாரத் திட்டம் போடுறவங்களா?"

"ஆமா. அடுத்த இருபது வருஷத்துக்குக் கரண்டை எங்க, எதுலேருந்து எடுக்கணும்னு இவங்கதான் எழுதப்போறாங்க. களத்தை இன்னும் பெருசாக்கி மூணாவது யூனிட் போடுறதும் அதுல இருக்கு. எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான். மதில் உங்க கொல்லைக்கே வந்துடும்."

"நீங்க வேணாம்னு எழுதிக் குடுத்தீங்களே."

"வேணாம்னு மட்டும் குடுக்கலப்பா. வெயிலும் காத்தும் எங்க எவ்வளவு கிடைக்கும், பழைய யூனிட்டுகளை எப்ப மூடலாம், அங்க வேலை செய்றவங்களுக்கு என்ன வழி, எல்லாம் சேத்துத்தான் குடுத்தோம். ஆனா நிலையத்துக்காரங்க கருவி வெச்சு அளந்துட்டோம், தூசியே கிடையாதுன்னு சொல்றாங்க. அதான், ஒரு தடவை வந்து எங்க நாற்காலியில உக்காந்து பாருங்கன்னு கேட்டோம். இந்த ஒரு தடவைதான். அப்புறம் அவங்க உக்காந்து எழுத ஆரம்பிச்சிடுவாங்க."

"வரட்டும், பாக்கட்டும்."

"அதனால திங்கக்கிழமையிலேருந்து தெருவில யாரும் வீட்டைத் துடைக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். நீங்களும் துடைச்சிடாதீங்கப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நான் துடைக்கலம்மா" என்றார்.

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளும் காலி பாத்திரத்தை வைத்துக்கொண்டு தேவைக்கு மேல் நின்றாள். அவர் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள். இரண்டு பேரையும் பிடித்துத் தலையோடு தலை முட்டலாம்போல இருக்கும் நமக்கு. ஆனால் அவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை கிடந்தது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, பெல்ட்டுக்காரரின் கூட்டாளிகள் எல்லாரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, மகள் சொன்னாள்: "இத்தனை வருஷம் இவர் ஓட்டின பெல்ட்டுலதான் எங்கம்மா உயிர் போச்சு." அழுகையில் வந்த வார்த்தைதான். நெஞ்சிலிருந்து வந்த வார்த்தையும்தான். கடைசி மாதங்களில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலி துடைத்ததைப் பார்த்தவள் அவள். அப்பா பதில் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. எடுக்காத பேச்சு எங்கும் போவதில்லை. அவர்களுடையது அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குழு தையல்காரி வீட்டில் கூடியது. தையல்காரிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குழுவில் எல்லாருக்கும் மூத்தவள். வெள்ளைத் துணி தைக்கக் கொடுத்தால் வாங்கமாட்டாள். 'தைச்சுக் குடுக்குறதுக்குள்ள அது பழைய துணி ஆயிடும்' என்பாள். அன்று அவள் நிலை பரிதாபமாக இருந்தது.

"என்னால முடியலம்மா. கை அரிக்குது" என்றாள். "மெஷின் மேல பாரு. மேசை மேல பாரு. என் வீட்டுக்காரர் காலையில கேக்குறார், உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையான்னு."

"இன்னும் ஒரே நாள்க்கா."

"ஒரு நாள்னு நீ சொல்லிடுவே. நேத்து என் நாத்தனார் வந்தா. நாற்காலியைப் பாத்தா, என்னைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. ஊருக்குப் போய் என்ன சொல்வான்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்கல."

மற்ற பெண்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது என்றாள். அது துடைத்தாலும் வரும் என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். நாற்காலிகள் துடைக்காமல் கிடந்ததால் யாருக்கும் உட்கார மனம் வரவில்லை. செயலாளர் அதைக் கவனித்திருக்கலாம், கவனிக்கவில்லை. அவள் தன் பேச்சிலேயே கண்ணாக இருந்தாள்.

"வர்றவங்க கேட்டா எதையும் கூட்டிச் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க. அவங்க கண்ணால பாக்கட்டும். அது போதும்" என்றாள்.

"சரிம்மா, சரி" என்றார்கள் எல்லாரும்.

வியாழக்கிழமை காற்று களத்திலிருந்து தெருவுக்கு நன்றாகவே அடித்தது. காற்றைப் பார்த்துச் செயலாளருக்கு உச்சி குளிர்ந்தது. ஆணையத்தின் தலைவி வந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவளோடு படம் எடுக்க ஒருவர், நிலையத்தின் சார்பில் ஒரு அதிகாரி. வேறு கூட்டமில்லை.

முதலில் தையல்காரி வீடு. கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை வந்தது.

தரை மின்னியது. நாற்காலிகளில் முகம் பார்க்கலாம். மேசையில் புது விரிப்பு, அதன்மேல் நிமிர்த்தி வைத்த குவளைகள். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் களத்தின் கரிக்குன்று துலக்கி வைத்ததுபோலத் தெரிந்தது. தையல்காரி செயலாளரின் பார்வையைத் தவிர்த்து, "வாங்க, உக்காருங்க, உக்காருங்க" என்றாள். சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் நாற்காலியை இன்னொரு தடவையும் துடைத்தாள்.

தலைவி உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. எல்லாமே கல்யாண வீடுபோல இருந்தன. ஒரு வீட்டில் ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை. இன்னொரு வீட்டில் அறை மூலைகளைக்கூட விடவில்லை. அதிகாரி ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவரைப்போல நிதானமாக நடந்தார். செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவிக்குத் தேநீர் கொடுக்கவென்று தையல்காரி மறுபடியும் எல்லாரையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். செயலாளர் அவளைப் பின்தொடர்ந்து அடுப்படிக்குப் போனாள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"திட்டாதம்மா."

"முந்தாநாள் சாயங்காலம் எல்லாரும் சரி சரின்னு தலையாட்டினீங்களே!"

"ஆட்டினோம்தான். காலையில எழுந்தேன். வீடு தேடி ஒரு பெரிய மனுஷி வர்றாங்க. அவங்களை அந்தக் கரியில உக்காருங்கன்னு சொல்ல எனக்கு எப்படிம்மா வாய் வரும்? சரி, ஒரே ஒரு நாற்காலியை மட்டும் துடைப்போம்னுதான் ஆரம்பிச்சேன். ஒண்ணைத் துடைச்சா பக்கத்துல இருக்குறது பல்லைக் காட்டுது. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாப் பாத்தா. அவளும் வாளியை எடுத்தா. அப்புறம் என்ன, தெருவே..."

"துடைச்ச துணியாவது இருக்கா? அழுக்குத் தண்ணி?"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "துணியை அலசிக் காயப்போட்டாச்சு. வாளியையும் தேச்சுக் கவுத்து வெச்சிட்டேன்."

செயலாளருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக அலைந்த அலைச்சல். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனையோ படிக்கட்டுகள். எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விட்டது. அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஒரு வீடு இருக்கு" என்றாள் தையல்காரி மெதுவாக.

"எது?"

"உங்கப்பா வீடு."

"அவர்கிட்ட நானும் துடைக்காதீங்கன்னுதான் சொன்னேன். மூணு நாள் தூசியை வெச்சு என்னக்கா பண்றது, ஒரே வீட்டுல?"

தையல்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மூணு நாளா? நீ உள்ள போய் எத்தனை நாளாச்சு?"

செயலாளர் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"உங்கப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் ஒரு தடவை ரொட்டி கொண்டு போனேன். கதவைத் திறக்கல. ஜன்னல் வழியாப் பாத்தேன். அப்புறம் நான் போகல. பாத்தேன்னு தெரிஞ்சா அவர் கூசிப்போயிடுவார்னு போகல. போய்ப் பாரும்மா. நான் இவங்களுக்கு இன்னொரு தேநீர் போட்டுக் குடுக்குறேன்."

அவள் தெருக்கோடிக்கு ஓடினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அப்பா!"

பாட்டு தணிந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவர் ஒருக்களித்து வந்தார். பின்னால் சாத்தினார்.

"வந்துட்டுப் போயிட்டாங்களா?"

"இன்னும் போகல. அப்பா, தெருவில எல்லாரும் துடைச்சிட்டாங்க. எல்லா வீடும் பளபளன்னு இருக்கு. காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. நம்ம வீட்டைத் திறங்கப்பா."

அவர் முகம் மாறியது. "இந்த வீட்டையா? வேணாம்."

"ஏம்ப்பா?"

"வேணாம்மா. வேற எது வேணா கேளு."

"நான் வேற எதுவும் கேக்கலையே! அவங்க இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடுவாங்க. கிளம்பிட்டா மூணாவது யூனிட் வந்துடும்பா. அப்புறம் யார் கத்தினாலும் கேக்காது."

"அது உங்கம்மா வெச்சிருந்த வீடு" என்றார் அவர். "அவ இருந்தப்போ நம்ம வீட்டு மேசையில யாராவது விரலை வெச்சு கறுப்பைக் காட்டியிருக்காங்களா? காட்ட விட்டிருப்பாளா? இப்ப முன்னப்பின்ன தெரியாதவங்களைக் கூட்டிட்டு வந்து, பாருங்க, பாருங்கன்னு சொல்லணுமா? அவ பேரைக் கெடுக்கச் சொல்றியா?"

"அம்மா பேரு கெடாதுப்பா."

"உனக்குத் தெரியாது."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் என்னை உள்ளயே விட்டதில்லையே! அன்னைக்கு நான் சொன்னதுக்கு இன்னும் என்மேல கோபமா இருக்கீங்க. அது எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கோபமா? எனக்கா?"

"பின்ன ஏன் தினமும் கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

"நீ சொன்னது தப்புன்னு நான் எப்பம்மா சொன்னேன்? உனக்குத்தான் என்மேல கோபம்னு நினைச்சேன். அதான் நீ வாசலோட போறேன்னு."

தெருமுனையில் தையல்காரி யாரையோ இன்னும் ஒரு குவளை குடிக்கச் சொல்லி வற்புறுத்தும் சத்தம் கேட்டது. காற்று களத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ட்டுக்காரர் கதவில் கை வைத்தார்.

"முதல்ல நீ மட்டும் வா" என்றார். "நீ பாத்துட்டு அப்புறம் சொல்லு, கூப்பிடணுமா வேணாமான்னு."

உள்ளே வெளிச்சம் குறைவாக இருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கறுத்திருந்தன. அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது தரை. கதவிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து ஒரு நாற்காலிக்கு, அங்கிருந்து கட்டிலுக்கும் குளியலறைக்கும் என்று ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. அவர் கால் நடந்து நடந்து உண்டான பாதை. அதற்கு இரண்டு பக்கமும் கரி மெத்தையாகப் படிந்து கிடந்தது. நான்கு நாற்காலிகளில் ஒன்றில்தான் உட்கார்ந்த தடம் இருந்தது. அலமாரியில் ஒரே ஒரு குவளைக்கு மட்டும் நிறம் இருந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி மேசையில் கழற்றி வைத்தபடியே இருந்தது. கண்ணாடி எது, சட்டம் எது என்று தெரியவில்லை.

அவள் படுக்கையறைப் பக்கம் போனாள். இரட்டைக் கட்டில். கதவுப் பக்கத்துப் பாதி கசங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, பழுப்பாக இருந்தது. அது அப்பா படுக்கும் பாதி. சுவரோரமாக அம்மாவின் பாதியில் விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல், தலையணையோடு சேர்ந்து, கரேலென்று கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல இருந்தது. இத்தனை மாதமாகத் தூக்கத்தில்கூட அவர் அந்தக் கோட்டைத் தாண்டிப் புரண்டதில்லை.

"எனக்கு அந்த விரிப்பை மடிக்கத் தெரியும்மா" என்றார் பின்னாலிருந்து. "அவதான் சொல்லிக் குடுத்தா. முதல் நாள் மடிக்கப் போனேன். மடிச்சு உதறிட்டா அவ இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. சரி, நாளைக்குப் பாப்போம்னு விட்டேன். நாளைக்கு நாளைக்குன்னே போச்சு. அப்புறம் பாத்தா, யாரையும் உள்ள கூப்பிட முடியாத அளவுக்கு ஆயிடுச்சு. உன்னைக்கூட. நீ பாத்தா அழுவேன்னு."

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். தூசியைப் பற்றி ஊரெல்லாம் பேசியவள் இந்தத் தூசிக்குள் ஒரு மனிதர் தனியாக இருந்ததைப் பார்க்கவில்லை.

"வேணாம்பா" என்றாள். "யாரும் வர வேணாம். நான் அவங்களை அனுப்பிடுறேன். யூனிட் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். களத்தின் பக்கம் பெல்ட் பாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"கூப்பிடு" என்றார்.

"அப்பா..."

"கூப்பிடும்மா. இவ்வளவு நாள் படிஞ்சதுக்கு அதாவது ஒரு பலனா இருக்கட்டும்."

தலைவி வந்தாள். அதிகாரியும் படம் எடுப்பவரும் வந்தார்கள். தையல்காரியும் மற்ற பெண்களும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். தலைவி குனிந்து காலணியைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதீங்க. கால் கறுத்துடும்" என்றார் பெல்ட்டுக்காரர்.

பெரிய மனுஷி ஒருத்தி வீட்டுக்குள் நிற்கிறாள். அவருடைய கை தானாக ஆணிக்குப் போனது. விறைத்த துணியைத் தொட்டதும் நின்றது. அவர் வாழ்க்கையில் பெல்ட்டை நிறுத்துவதற்குக்கூட அவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்காது. துணியை விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டார். "உக்காருங்கன்னு சொல்ல முடியல. மன்னிச்சுக்குங்க" என்றார்.

"பரவாயில்லை" என்றாள் தலைவி. குரல் இறங்கியிருந்தது. "இது எப்பத்திலேருந்து துடைக்காம இருக்கு?"

"என் வீட்டுக்காரி போனதிலேருந்து. போன குளிர்லேருந்து."

படம் எடுப்பவர் கட்டிலருகே போய், எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டார். பெல்ட்டுக்காரர் மகளைப் பார்த்தார். பிறகு, "எடுத்துக்குங்க. அந்தப் பக்கம் மட்டும் கை வெக்காதீங்க" என்றார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஒரு வீட்டை வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க. ஒண்டி ஆம்பளை. துடைக்காம விட்டா எந்த வீடும் இப்படித்தான் ஆகும்."

"எந்த வீடுமா?" என்று வாசலிலிருந்து தையல்காரி பொங்கினாள். "உங்க வீடு ஆகுமா? காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. நாங்க துடைக்கிறதை நிறுத்தினா எல்லார் வீடும் இதுதான்! இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு கூடுதலா வேற துடைச்சோம். புத்தி கெட்டுப்போய்த் துடைச்சோம். இந்த வீட்டுக்காரி சாகுற வாரம்வரைக்கும் துடைச்சா. மூச்சு விட முடியாமத் துடைச்சா. கேட்டுப் பாருங்க அவரை!"

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமை மூக்குச் சிந்தியதைச் சொன்னவள் அதையும் சொன்னாள். தலைவி யாரையும் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். கறுத்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் வெளிர் நிற உடுப்போடு அதில் உட்கார்ந்தாள். தையல்காரி 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் நடந்தது ஊருக்கே தெரிந்ததுதான். திட்டம் வெளியானபோது மூன்றாவது யூனிட் அதில் இல்லை. களம் மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றது. பழைய யூனிட்டுகளை மூடுவதற்குத் தவணை வைத்து, வேலையாட்களுக்கு வேறு பயிற்சி என்று குழு எழுதிக் கொடுத்ததில் பாதியை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதிக்காகச் செயலாளர் இன்னும் அலைகிறாள். கூட்டாளிகள் பெல்ட்டுக்காரரைத் தெருவில் பார்த்தால் இப்போது எதிர்ப்பக்கமாகக் கடந்துபோகிறார்கள். அதற்கு அவர் தயாராகத்தான் கதவைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு, எல்லாரும் போன பிறகு, அப்பாவும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். அவள் கடைக்குப் போகவில்லை. ஓட்டமாகத் தன் வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டை எடுத்து வந்தாள். ஆணியிலிருந்த துணியை எடுத்து நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள்.

"அம்மா பக்கத்தைத் தொடமாட்டேன்பா. நீங்க சொல்லும்போது சேந்து மடிப்போம். தரையை மட்டும் துடைச்சிடுறேன்."

"வேணாம்மா" என்றார் அவர். "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

தரை முழுக்கக் காலடிகளாக இருந்தன. தலைவியின் காலணி, அதிகாரியின் அகலமான பாதம், வாசலிலிருந்து தாங்காமல் உள்ளே வந்துவிட்ட பெண்களின் தடங்கள். ஒற்றையடிப் பாதை அவற்றுக்கு நடுவில் எங்கே என்றே தெரியவில்லை. அவர் தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க பாரு" என்றார்.

அவள் துணியை ஆணியில் மாட்டினாள். அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு, துடைக்காமலேயே அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"தட்டு எடுத்துட்டு வாங்கப்பா. ரெண்டு தட்டு."

அவர் எழுந்தார். தட்டு எடுக்கப் போகிற வழியில் ரேடியோவை நிறுத்தினார்.